வெடியை அடக்கிய நோபல்

நோபல் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் சங்கத்து நண்பர்களுக்குப் பரிசுதான் நினைவுக்கு வரும். 1930-இல் இராமன், 1983-இல் சந்திரசேகர், 2009-இல் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்று விரல் மடக்கி எண்ணுவோம். வடநாட்டு நண்பர் எவரேனும் அருகில் இருந்தால் சற்று உரக்கவே எண்ணுவோம். அது குற்றமன்று. ஆயினும், அப்பரிசை வைத்துச் சென்றவர் தம் வாழ்நாளை எதற்குச் செலவிட்டார் என்று கேட்டால், டைனமைட்டைக் கண்டுபிடித்தார் என்ற ஒரு வரியோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். வேதியியல் மாணவனாகிய எனக்கு அந்த வரி போதவில்லை. வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடியாதிருக்கும்படி ஒரு பொருளைப் பழக்கினாரே, அதுவே அவர் செய்த அருஞ்செயல் என்பது என் துணிபு.

ஆல்பிரட் நோபல் 1833 அக்டோபர் 21-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். தந்தை இம்மானுவேல் பொறி வல்லுநர். தொழிலில் நொடித்துப் பிழைப்புத் தேடி இரஷ்யா சென்றவர். அங்கே கடற்கண்ணி வெடிகள் செய்து செழித்தார். கிரிமியப் போர் முடிந்தபின் மீண்டும் நொடித்தார். செழித்திருந்த காலத்தில் மகனுக்கு நல்ல ஆசிரியர்கள் வாய்த்தனர். வேதியியலோடு ஐந்து மொழிகளும் இளமையிலேயே கைவந்தன.

1847-இல் சொப்ரேரோ என்ற இத்தாலியர் நைட்ரோகிளிசரின் என்னும் எண்ணெயை ஆக்கியிருந்தார். ஆக்கியவரே அதைக் கண்டு அஞ்சினார். அது வெடித்து அவர் முகத்தில் வடுவும் உண்டாயிற்று. நெருப்பு வைத்தால் சில வேளை சும்மா எரியும். சில வேளை ஒரு தட்டுக்கே சீறி வெடிக்கும். இந்த முரட்டுக் குதிரைக்குத்தான் நோபல் கடிவாளம் தேடினார்.

1864 செப்டம்பர் 3. ஸ்டாக்ஹோமின் ஹெலெனெபோர்க் பகுதியில் இருந்த அவர்களது ஆய்வுக் கொட்டகை வெடித்துச் சிதறியது. ஐவர் மாண்டனர். அவருள் ஒருவன் ஆல்பிரடின் தம்பி எமில். வயது 20, நம்மைப் போன்ற பல்கலைக்கழக மாணவன். சில மாதங்களில் தந்தை பக்கவாதத்தில் விழுந்தார். நகர எல்லைக்குள் இத்தொழில் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். நோபல் ஒரு படகை ஏரியில் நிறுத்தி அதன்மேல் வேலையைத் தொடர்ந்தார். இதை உறுதி என்பதா, கல்நெஞ்சம் என்பதா? நானும் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன்; விடை கிடைத்தபாடில்லை.

இடர் தொழிற்சாலையோடு நிற்கவில்லை. வாங்கியவர்களுக்கு அது விளக்கெண்ணெய் போலத்தான் தோன்றியது. வண்டிச் சக்கரத்துக்கு மசகாகத் தடவியவர்களும் உண்டு என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஒழுகிக்கொண்டிருந்த பெட்டி ஒன்றைத் திறக்க முயன்றபோது 15 உயிர்கள் போயின. அதே மாதம் பனாமாத் துறைமுகத்தில் ஒரு கப்பலே வெடித்தது. ஜெர்மனியில் இருந்த அவரது சொந்த ஆலையும் அவ்வாண்டிலேயே தகர்ந்தது. நாடுகள் பல தடை விதிக்கத் தொடங்கின.

திரவமாக இருப்பதே தீமைக்கு வேர் என்று நோபல் கண்டார். கசிகிறது, குலுங்குகிறது, சுமார் 13 பாகை வெப்பத்திலேயே உறைந்துவிடுகிறது. கரித்தூள், மரத்தூள், சிமெண்டு என்று பலவற்றைக் கலந்து பார்த்தார். கடைசியில் கீசல்கர் என்னும் மண் கைகொடுத்தது. நுண்ணுயிர்ப் பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான நொய்ம்மண் அது. ஒரு பங்கு மண் மூன்று பங்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டு, பிசைந்து உருட்டத்தக்க மாவாயிற்று. அதுவே 1867-இல் டைனமைட்டு எனப் பெயர் பெற்றது. அந்த ஜூலையில் இங்கிலாந்தின் மெர்ஸ்தம் கற்குவாரியில் பலரைக் கூட்டி, அதைத் தீயிலிட்டுக் காட்டினார், எரிந்தது. 60 அடி உயரத்திலிருந்து எறிந்து காட்டினார், கீழே கிடந்தது. பின்பு கேப்பு வைத்து வெடித்துக் காட்டினார்.

அந்தக் கேப்பும் அவருடையதே. பாதரசச் சேர்மம் ஒன்றைச் சிறு செம்புக் குழலில் அடைத்து, அதன் அதிர்ச்சியால் பெரிய மருந்தை எழுப்பும் சூழ்ச்சி. உறங்கும் பொருள் வேறு, எழுப்பும் பொருள் வேறு. இரண்டையும் கடைசி நிமிடம்வரை பிரித்தே வைக்கவேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் கிணறு வெட்டும்போது, தோட்டா ஒருவர் கையிலும் கேப்பு மற்றொருவர் பையிலுமாக வரும். இரண்டையும் ஒரே பையில் போட்ட ஆளை மேஸ்திரி வைத வசவைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஏட்டில் எழுத முடியாது!

ஸ்காத்லாந்தில் ஆர்டீர் என்ற கடற்கரை மணல்மேட்டில் 1870-களில் அவர் ஆலை எழுந்தது. குடிசை போன்ற சிறு கட்டடங்கள். ஒன்று வெடித்தால் அடுத்ததைத் தாக்காதபடி இடையே மண்கரைகள். தீக்குச்சி உண்டா என்று சோதித்தே ஆட்களை உள்ளே விட்டனர். அமிலமும் கிளிசரினும் கலக்கும்போது சூடேறும். அளவு மீறினால் அழிவு. வெப்பமானியை நோக்கி அமர்ந்திருக்கும் ஆளுக்கு ஒற்றைக்கால் முக்காலிதான் ஆசனம்! (ஒற்றைக்காலை முக்காலி என்பது பிழையாயினும் வேறு சொல் அகப்படவில்லை.) கண்ணயர்ந்தால் ஆள் கீழே விழுவான், விழித்துக்கொள்வான்.

டைனமைட்டிலும் குறை இருந்தது. ஈரம் பட்டால் மண் எண்ணெயை விட்டுவிடும். தொடுவோருக்குத் தலைவலி தரும். 1875-இல் கூழ்வடிவ வெடிமருந்தை ஆக்கி நீர்க்குறையை நீக்கினார். இந்தியாவில் நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்துகள் 2004 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுவிட்டன. அவற்றினும் இடர் குறைந்தவை இடம்பிடித்தன.

1887-இல் புகை குறைந்த துப்பாக்கி மருந்தையும் அவர் ஆக்கினார். அது போருக்கே பயன்பட்டது. குவாரிக்காக அவரைப் புகழ்பவன் இதை மறைப்பது முறையன்று. 1895 நவம்பரில் எழுதிய உயிலில் பெருஞ்செல்வத்தைப் பரிசுகளுக்கு வைத்தார்.

இறுதி நாட்களில் இதயநோய் வாட்டியது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின். இத்தாலியின் சான் ரெமோவில் 1896 டிசம்பர் 10-இல் உறவினர் எவரும் அருகில் இல்லாமல் உயிர் நீத்தார். அவரது சாம்பல் ஸ்டாக்ஹோமில், பெற்றோரும் தம்பி எமிலும் உறங்கும் கல்லறையில் வைக்கப்பட்டது.