கைவித்தை காட்டிய கடிகாரக் கலைஞர்

வெறுங்கையை விரித்துக் காட்டுகிறார் வித்தைக்காரர். அடுத்த நொடியில் அதே கையிலிருந்து ஒரு வெள்ளி நாணயம் எட்டிப் பார்க்கிறது. அந்த நாணயம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. முன்பே கைக்குள்தான் இருந்தது. ஒரு பொருளைக் கையில் மறைப்பது யாருக்கும் எளிது. மறைத்திருக்கிறோம் என்ற எண்ணமே பார்ப்பவருக்குத் தோன்றாதபடி செய்வதுதான் அரிது. இந்த அரிய கலையைச் சந்தைத் திடலிலிருந்து எடுத்துக் கற்றோர் அவையில் அமர்த்திய பெருமை பிரான்சு நாட்டவரான ராபர்ட் ஹூடினையே சாரும்.

1805-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லுவார் நதிக்கரையிலுள்ள ப்ளுவா நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ழான் யூஜீன் ராபர்ட். தந்தை கடிகாரம் செய்பவர். பட்டறையில் சிதறிக் கிடந்த பற்சக்கரங்களும் சுருள்வில்களுமே சிறுவனின் விளையாட்டுப் பொருள்களாயின. மகன் தம் தொழிலுக்கு வராமல் சட்டத் துறையில் உயர வேண்டும் என்று தந்தை விரும்பினார். ஆர்லியன்சு நகரில் படிக்க வைத்தார். பின்னர் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் எழுத்தராகவும் சேர்த்தார். மகனின் கை அங்கே பத்திரங்களை எழுதியது. மனமோ இயந்திரங்களையே நாடியது. இறுதியில் தந்தை மனமிரங்கி, கடிகாரத் தொழிலைக் கற்க அனுமதி அளித்தார்.

தொழிலில் தேர்ச்சி பெற எண்ணிய இளைஞர், பெர்த்தூ என்னும் அறிஞர் எழுதிய கடிகார நூலை வாங்கப் புத்தகக் கடைக்குச் சென்றார். கடைக்காரர் அவசரத்தில் வேறு நூலைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தால், கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறிவியல் வேடிக்கைகளும் செப்படி வித்தைகளுமே அதில் நிறைந்திருந்தன. கைமாறி வந்த அந்நூல் தம் வாழ்வின் திசையையே மாற்றிவிட்டதாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

நூல் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது. எப்படிச் செய்வது என்பதைக் கை அல்லவா கற்க வேண்டும்? ப்ளுவா நகரில் கால் ஆணி எடுக்கும் தொழில் செய்த மாவூஸ் என்பவரிடம் அவர் பந்து வித்தை பயின்றார். நான்கு பந்துகளை மாறி மாறி வீசிப் பிடித்துக்கொண்டே, எதிரே வைத்த புத்தகத்தைப் படிக்கும் அளவுக்கு அவருடைய கண்ணும் கையும் பழகின. அதன் பின்னர் நாணயமும் சீட்டும் அவர் சட்டைப் பையை விட்டு அகலவில்லை. நடக்கும்போதும் கை பைக்குள் பயிற்சி செய்துகொண்டிருக்கும். உணவு மேசையில் ஒரு கை சூப்பு அருந்த, மறு கை சீட்டைப் புரட்டிப் பழகும்.

அவர் அப்படி என்ன பழகினார்? உள்ளங்கையைச் சற்றே குவித்தால், கட்டைவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்புறச் சதைக்கும் நடுவே ஒரு நாணயம் பிடிபட்டு நிற்கும். பிடிப்பது சிறிது நேரப் பயிற்சியில் வந்துவிடும். ஆனால் நாணயத்தைப் பிடித்த கை விறைத்துப் போகிறதே! விறைத்த கையே உண்மையைச் சொல்லிவிடும். நாணயம் உள்ளே இருக்கும்போதே விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். அதே கை கோலைப் பிடிக்க வேண்டும். கைக்குட்டையை மடிக்க வேண்டும். கண்ணும் அந்தக் கையைப் பார்க்கக் கூடாது. வித்தைக்காரர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் சபையும் பார்க்கும். இவையெல்லாம் இயல்பாக வருவதற்கு ஆண்டுகள் பல ஆகும்.

1830-ஆம் ஆண்டில் அவர் செசில் ஹூடின் என்னும் பெண்மணியை மணந்தார். செசிலின் தந்தை பாரிசில் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர். மருமகன் மாமனாரின் பட்டறையில் பணியாற்றினார். மனைவியின் குலப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு ராபர்ட் ஹூடின் ஆனார். உலகம் இன்று அறிந்திருக்கும் பெயரில் பாதி அந்த அம்மையார் தந்ததே. ஆனால் கணவரின் புகழைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1843-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் ராபர்ட் ஹூடின் ஒலிம்ப் என்னும் பெண்மணியை மணந்தார். அதே 1844-இல் பாரிசுப் பொருட்காட்சியில், தானே எழுதவும் படம் வரையவும் வல்ல இயந்திரப் பொம்மை ஒன்றை அவர் வைத்து வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

1845 ஜூலை 3-ஆம் நாள், பாரிசின் பாலே ராயல் பகுதியில், ஏறத்தாழ இருநூறு பேர் அமரக்கூடிய சிறிய அரங்கை அவர் திறந்தார். அக்காலத்து வித்தைக்காரர்களில் பலர் நீண்ட அங்கி அணிவர். தரை வரை துணி தொங்கும் பெரிய மேசைகளை வைத்திருப்பர். துணிக்குள்ளே உதவியாளர் ஒளிந்திருப்பார். இவரோ விருந்துக்குச் செல்லும் கனவானைப் போன்ற சாதாரண உடையில் வந்தார். மெல்லிய கால்களையுடைய சிறு மேசைகளையே வைத்தார். மறைவிடம் அவரிடமும் உண்டு. மேசையின் பின்புறம் ஒரு சிறு தட்டு. உடையில் கை இயல்பாகத் தொங்கும் இடத்திலேயே சிறு பைகள். கை தன் இடத்தை விட்டு நகராதபோது, பார்ப்பவர் கண் அதைப் பின்தொடர்வதில்லை. கருவி சிறிதாகவும், கையின் இயல்புக்கு இசைந்ததாகவும் இருக்க வேண்டும். கருவிக்காகக் கை வளையக் கூடாது. இதுவே அவருடைய தேர்வின் அடிப்படை.

அடுத்த ஆண்டில் மகன் எமிலும் மேடை ஏறினான். கண்ணைக் கட்டிக்கொண்டு, சபையோர் தந்தையிடம் கொடுக்கும் பொருள்களை விவரித்தான். இதற்காகத் தந்தையும் மகனும் மேற்கொண்ட பயிற்சி மாணவியர் அறியத்தக்கது. கடைவீதியில் நடக்கும்போது ஒரு கடையின் கண்ணாடிச் சாளரத்தை ஒரே பார்வை பார்ப்பர். சில அடிகள் சென்றதும் நின்று, கண்ட பொருள்களைக் காகிதத்தில் எழுதுவர். நாளடைவில் எமில் நாற்பது பொருள்கள் வரை நினைவிலிருந்து எழுதினானாம்!

மறைக்கும் கலையைத் தீயோரும் கற்கின்றனர். 1849-இல் பாரிசு நீதிபதி ஒருவர், சூதாடிகளிடமிருந்து கைப்பற்றிய நூற்றைம்பது சீட்டுக் கட்டுகளை அவரிடம் ஆராயக் கொடுத்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நாள்தோறும் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. சலிப்புற்றுச் சீட்டைத் தள்ளி வைத்தார். அப்போது சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கையில், பளபளப்பான முதுகில் மங்கலான ஒரு புள்ளி தெரிந்தது! கிட்டத்தில் மறைந்தது எட்டத்தில் வெளிப்பட்டது. அப்புள்ளி இருந்த இடமே அந்தச் சீட்டு எது என்பதைச் சூதாடிக்கு அறிவித்து வந்தது. சூதாடிகளின் இத்தகைய சூழ்ச்சிகளை விளக்கி 1861-இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார்.

அவர் வாழ்வில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1856-இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே அடங்காமல் இருந்த மக்கள், அற்புதம் புரிவதாகக் கூறிய சிலரின் சொல்லைக் கேட்டு வந்தனர். பிரெஞ்சுக்காரரின் ஆற்றல் அதனினும் பெரிது என்று காட்டுவதே அரசின் நோக்கம். ராபர்ட் ஹூடின் ஒரு சிறு பெட்டியை மேடையில் வைத்தார். வலிமை மிக்க ஒருவர் வந்து அதை எளிதில் தூக்கினார். அவருடைய பலம் பறிபோய்விட்டது என்று ஹூடின் அறிவித்ததும், மீண்டும் முயன்றவரால் பெட்டியை அசைக்கவும் இயலவில்லை. பெட்டியின் அடியில் இரும்புத் தகடு. மேடைக்குக் கீழே மின்காந்தம். கைப்பிடி வழியே மின் அதிர்ச்சியும் பாய, அம்மனிதர் அலறி ஓடினார். இவை வெறும் திறமையே என்று பின்னர் அம்மக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வழியே விளக்கப்பட்டதாக அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். இருப்பினும், பாரிசில் மகிழ்வூட்டிய அதே காந்தம் இங்கே அடிமைப்பட்ட மக்களை அச்சுறுத்தும் கருவியாயிற்று என்பதை மறுக்க இயலாது. கருவி மாறவில்லை, நோக்கம் மாறியது.

ஓய்வுக் காலத்தில் ப்ளுவா அருகே இருந்த தம் இல்லத்தை மின்சார வீடாகவே அவர் ஆக்கினார். வாயிற்கதவு தானே திறந்தது. குறித்த வேளையில் கடிகாரமே குதிரைக்குத் தீவனம் வைத்தது. 1868-இல் தம் கலையின் நுட்பங்களை ஒளிக்காமல் நூலாக எழுதி வெளியிட்டார். 1870-ஆம் ஆண்டுப் போரில் இராணுவ அதிகாரியாயிருந்த மகன் யூஜீனை இழந்தார். மறு ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் தாமும் மறைந்தார். அவருடைய அரங்கை 1888-இல் வாங்கிய ஜார்ஜ் மெலியே, பின்னர் திரைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரானார். அவர் பெயரைத் தழுவியே அமெரிக்க வித்தைக்காரர் ஒருவர் ஹூடினி என்று பெயர் சூட்டிக்கொண்டார். அதே ஹூடினி 1908-இல், பிறர் கண்டுபிடிப்புகளைத் தமதென்று கூறியவர் என அவரைச் சாடி நூல் எழுதியதும் வரலாறே.

மாணவியரே! வித்தைக்காரரின் கையிலும் ஒன்று மறைந்திருக்கிறது. சூதாடியின் கையிலும் ஒன்று மறைந்திருக்கிறது. முன்னவர் தாம் ஏமாற்றப் போவதைச் சபைக்குச் சொல்லிவிட்டு ஏமாற்றுகிறார். சபை சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறது. பின்னவர் சொல்லாமல் ஏமாற்றுகிறார். எதிரில் இருப்பவர் இழந்துவிட்டுத் திரும்புகிறார். நாம் கற்கும் கல்வியும், நம் கைக்கு வரும் திறமையும் இத்தகையனவே. அவற்றைக் கொண்டு எதிரில் நிற்பவரை மகிழ்விக்கிறோமா, அச்சுறுத்துகிறோமா என்று ஒவ்வொரு முறையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக!