முதல் விமானப் பணிப்பெண் எல்லன் சர்ச்



ஆண்டு மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதித் தரச் சொல்லி செயலாளர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைதான் படிச்சவ. நர்சு ஆகணும்னு ஆசை இருந்தது. பத்தொன்பது வயசுல கல்யாணம் ஆகிப் போச்சு. இப்போ என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு ஏர்ஹோஸ்டஸ் ஆகணும்னு ஆசை. அவள் ஆசையால்தான் எல்லன் சர்ச் என்ற பெண்ணைப் பற்றி நானும் தெரிந்துகொண்டேன்.

எல்லன் சர்ச் 1904-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலம், கிரெஸ்கோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அந்தக் காலத்தில் ஆகாய விமானம் என்பதே புதுசு. அதைப் பார்த்ததிலிருந்து பறக்கணும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. ஆனாலும் முதலில் கைத்தொழில் வேணும் என்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நர்சிங் படித்து 1926-ல் முடித்தார். சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கினார்.

1930-ல் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் என்ற கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய் விமானி வேலை கேட்டார். பெண்ணுக்கு அந்த வேலை தர அப்போ யாரும் தயாராக இல்லை. நாமாக இருந்தால் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருப்போம். அவர் அங்கேயே இன்னொரு யோசனை சொன்னார். விமானத்தில் ஏறவே ஜனங்கள் பயப்படுகிறார்கள். பயிற்சி பெற்ற நர்சு ஒருத்தி கூட வந்தால் தைரியம் வரும், வாந்தி மயக்கம் வந்தாலும் பார்த்துக்கொள்வாள் என்றார். ஒரு பெண்ணே பயப்படாமல் பறக்கும்போது ஆம்பளைங்க எப்படிப் பயப்படுவாங்க என்ற கணக்கும் அதில் இருந்தது.

அந்த அலுவலக மேலாளர் ஸ்டீவ் ஸ்டிம்ப்சன் ஆண்களை உதவியாளராக வைக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்தாராம். எல்லன் சொன்னது அவருக்குப் பிடித்துப் போனது. மேலதிகாரிகள் முதலில் முடியாது என்றார்கள். பிறகு மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் குழு ஆரம்பித்த நாள்தான் ஞாபகம் வந்தது. நம்மையும் உடனே நம்பி யாரும் கடன் தரவில்லை. ஆறு மாதம் சேமித்து, கூட்டம் நடத்தி, நோட்டு ஒழுங்காக எழுதிக் காட்டிய பிறகுதான் பேங்கில் உட்கார நாற்காலி கிடைத்தது.

எல்லனோடு சேர்த்து எட்டு பேரை எடுத்தார்கள். மற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க எல்லனும் உதவினார். எட்டு பேரும் பதிவு பெற்ற நர்சுகள். வயசு 25-க்குள் இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. உயரம் 5 அடி 4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, எடை சுமார் 52 கிலோவுக்குள் இருக்கணும். அழகுக்காக வைத்த விதி என்று நினைத்தேன். ஆனால் அந்த விமானம் உள்ளே குறுகலாக, கூரை தாழ்வாக இருக்கும். ஒவ்வொரு கிலோ எடைக்கும் கணக்கு உண்டு. சம்பளம் மாதம் 125 டாலர்.

1930 மே 15-ஆம் தேதி, ஓக்லாண்டு ஊரிலிருந்து சிகாகோ கிளம்பிய விமானத்தில் எல்லன் ஏறினார். உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண் அவர்தான். வழியில் 13 இடங்களில் நின்று நின்று, சிகாகோ போய்ச் சேர 20 மணி நேரம் ஆகுமாம். நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரிதான்!

வேலை சாப்பாடு கொடுப்பது மட்டும் இல்லை. டிக்கெட் பார்க்கணும், பெட்டி தூக்கணும். ஆடுகிற சீட்டைத் தரையோடு திருகி இறுக்கணும். சில சமயம் எரிபொருள் நிரப்பவும், விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளவும் கை கொடுக்கணும். கழிவறைக் கதவு என்று நினைத்து யாரும் வெளிக்கதவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளணும். விமானம் தாழ்வாகப் பறந்ததால் குலுக்கல் அதிகம், வாந்தி எடுப்பவர்களும் அதிகம். மூன்று மாதம் முடிந்தபோது, இந்தப் பெண்கள் இல்லாமல் முடியாது என்ற நிலைமை வந்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் பெண்களை எடுக்க ஆரம்பித்தன.

எல்லன் அந்த வேலையில் இருந்தது 18 மாதம்தான். ஒரு கார் விபத்தில் அடிபட்டதால் பறக்க முடியவில்லை. அவர் முடங்கிவிடவில்லை. திரும்பவும் படித்து நர்சிங்கில் பட்டம் வாங்கி, ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ நர்சாகச் சேர்ந்து, காயம்பட்ட சிப்பாய்களை விமானத்தில் ஏற்றிக் காப்பாற்றினார். கேப்டன் பதவியும் ஏர் மெடல் விருதும் கிடைத்தன. அந்தப் போருக்கு நர்சுகள் நிறைய தேவைப்பட்டதால்தான், பணிப்பெண் நர்சாக இருக்கணும் என்ற விதியையே கம்பெனிகள் எடுத்துவிட்டன.

பிறகு இண்டியானா மாநிலத்தில் டெர்ரே ஹோட் ஊர் ஆஸ்பத்திரியில் நிர்வாகியாக இருந்தார். 1964-ல்தான் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே, 1965-ல், குதிரையிலிருந்து விழுந்து இறந்து போனார். கிரெஸ்கோ ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கல்யாணம் ஆனால் வேலை இல்லை என்ற விதி மட்டும் ரொம்ப காலம் போகவில்லை. நம் நாட்டிலும் ஏர் இந்தியாவில், முதல் முறை கர்ப்பமானாலே வேலை போகும் என்று விதி இருந்தது. பெண்கள் கோர்ட்டுக்குப் போய், 1981-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இப்போ என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மகளோடு ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். ஒன்றரை லட்சம் கட்டினால் வேலை நிச்சயம் என்றார்கள். குழுவில் கடன் மனுவும் எழுதிவிட்டேன். கடைசியில், வேலை நிச்சயம் என்பதை எழுதித் தாங்க என்று கேட்டேன். பேச்சையே மாற்றினார்கள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பிறகு விசாரித்துத் தெரிந்தது இது. விமானக் கம்பெனிகள் தாங்களே ஆள் எடுக்கின்றன. பிளஸ் டூ பாஸ், 18 வயசு முடிந்திருக்கணும், இங்கிலீஷ் பேச வரணும். உயரமும் எடையும் கம்பெனிக்குக் கம்பெனி வேற. நேர்முகத் தேர்வுக்குப் பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை. தேர்வான பிறகுதான் உண்மையான பயிற்சி. தீ அணைப்பது, முதலுதவி, தண்ணீரில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட்டோடு ஆட்களைக் காப்பாற்றுவது எல்லாம் உண்டு. பாதிக் கதவுகள் அடைபட்டாலும் 90 விநாடிக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடிகிற மாதிரிதான் பெரிய விமானங்களைக் கட்டுகிறார்கள். அப்படி வெளியேற்றுவது இந்தப் பெண்கள் கையில்தான் இருக்கிறது.

என் மாமியாருக்கு இன்னும் மனசு வரவில்லை. கண்டவங்களுக்கு என் பேத்தி தட்டு எடுத்துக் கொடுக்கணுமா என்று கேட்கிறார். நாம் கல்யாண ஆர்டர் எடுத்துப் பரிமாறப் போனபோதும் ஊர் அப்படித்தானே பேசியது? எல்லன் கதையை நேற்று ராத்திரி அவருக்குச் சொன்னேன். பெட்டி தூக்கினாள், சீட்டைத் திருகினாள் என்றதும் சிரித்துவிட்டார். சரி என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மகள் காலேஜ் சேரட்டும், இங்கிலீஷ் பழகட்டும், கிணற்றில் நீச்சல் அடிக்கட்டும். ஆள் எடுக்கும்போது போய் நிற்கட்டும். அந்த வேலை கிடைக்காவிட்டாலும் படிப்பு கையில் இருக்கும். எல்லனுக்கு நர்சிங் இருந்த மாதிரி.

சகோதரிகளே, உங்கள் பெண்ணும் இந்த ஆசையைச் சொன்னால் திட்டாதீங்க. பணம் கட்டும் முன்னால் மட்டும் குழுவில் நாலு பேரிடம் கேளுங்க.