கொலம்பஸ் கையில் ஒரு நண்டு!

நடுக்கடலில் புல்வெளி இருக்குமா? இருந்தது! அதைப் பார்த்து கொலம்பஸ் மகிழ்ந்தார். அவருடைய மாலுமிகளோ நடுங்கினார்கள்.

கொலம்பஸ் 1451-ம் ஆண்டு இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் பிறந்தவர். தந்தை கம்பளி நெசவாளி. மகனுக்கோ கடல் மீதே ஆசை. மேற்கே போய்க்கொண்டே இருந்தால் ஆசியாவை அடையலாம் என்பது அவர் போட்ட கணக்கு. போர்ச்சுக்கல் மன்னர் உதவ மறுத்துவிட்டார். ஸ்பெயின் ராணி இசபெல்லா பல வருடம் காக்க வைத்து, பிறகு சம்மதித்தார்.

3 கப்பல்கள், சுமார் 90 ஆட்கள். 1492 ஆகஸ்டு 3-ந் தேதி புறப்பட்டார்கள்.

செப்டம்பர் 16-ந் தேதி, கடலில் பாசி கொத்துக் கொத்தாக மிதந்து வந்தது. மறுநாள் ஒரு கொத்துக்குள் ஏதோ நெளிந்தது. எடுத்துப் பார்த்தால், உயிருள்ள நண்டு! கொலம்பஸ் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். நண்டு கரையோரத்துப் பிராணி ஆயிற்றே! அப்படியானால் கரை பக்கத்தில்தான் என்று எண்ணினார்.

19-ந் தேதி கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள். 200 பாகம் கயிறு இறங்கியும் தரை தட்டவில்லை. உண்மையில் அங்கே ஆழம் 2 மைலுக்கு மேல்!

பாசி அடர்ந்தது. காற்று குறைந்தது. ஊர் திரும்பக் காற்றே கிடைக்காதோ என்று மாலுமிகள் முணுமுணுத்தார்கள். கொலம்பஸ் கடந்து வந்த தூரத்தைக் குறைத்துச் சொல்லி அவர்களைச் சமாளித்தார். பொய்தான். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் கப்பல் அன்றே திரும்பியிருக்கும்!

அந்த நண்டு கரையிலிருந்து வழி தவறி வந்ததல்ல. மிதக்கும் பாசிதான் அதற்கு வீடு.

அந்தப் பாசிக்கு சர்காசம் என்று பெயர். அது தரையில் ஒட்டி வளர்வதில்லை. திராட்சை போன்ற காற்றுக் குமிழ்கள் அதைத் தாங்குகின்றன. ஒடிந்த துண்டு தனிப் பாசியாக வளர்ந்துவிடும். அதற்குள் பாசி நிறத்திலேயே இறால்கள் உண்டு. ஒரு மீன் இருக்கிறது, பலே கள்ளன்! உடம்பெல்லாம் பாசித் துணுக்கு போலத் தொங்கும். துடுப்பைக் கை போல வைத்துப் பாசியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். பக்கத்தில் வரும் மீனை 'லபக்'கென்று விழுங்கிவிடும். ஆமைக் குஞ்சுகளும் இங்கேதான் ஒளிந்து வளர்கின்றன.

நண்டு கிடைத்து 25 நாள் கழித்தே, அக்டோபர் 12-ந் தேதி, கரை வந்தது. அது இப்போதைய பகாமா தீவுகளில் ஒன்று.

பிறகு கொலம்பஸ் அந்தப் பகுதிக்கு கவர்னர் ஆனார். அங்கிருந்த மக்களை அடிமைகளாக்கி வதைத்தார். அதை மறைப்பதற்கில்லை. 1500-ம் ஆண்டில் அவரையே விலங்கு மாட்டி ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள்.

மிதக்கும் பாசியிலும் ஆமை முதுகிலும் ஒட்டி வாழும் ஒரு சிறு நண்டுக்கு இன்று கொலம்பஸ் நண்டு என்றே பெயர். அதன் ஓடு கட்டைவிரல் நகம் அளவுதான்.

1506 மே 20-ந் தேதி கொலம்பஸ் இறந்தார். தாம் கண்டது ஆசியாவின் கரைதான் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.