தையற்பொறி தந்த எலியாஸ் ஹோவ்

பழம்பொருள்களைத் தேடித் திரட்டும் ஆர்வம் பலர்க்கு உண்டு. சிலர் நாணயங்களைச் சேர்ப்பர். சிலர் அஞ்சல் தலைகளைச் சேர்ப்பர். வேறு சிலரோ பழைய தையற்பொறிகளைத் தேடி அலைவர். பரண்மேல் துருவேறிக் கிடக்கும் பொறியையும், அது பொருந்தியிருந்த மரப்பெட்டியையும் அவர்கள் புதையல் கண்டாற்போல எடுத்து, தூசு துடைத்து, எண்ணெய் இட்டு, மீண்டும் ஓடச் செய்வர். பொறியின் உடலில் வெட்டப்பட்ட எண்ணைக் கொண்டு அது செய்யப்பெற்ற ஆண்டைக் கணித்தறிவர். இது வீண் வேலை என்று எண்ணுவாரும் உளர். ஆயினும், முன்னொரு காலத்தில் பரண்மேல் கிடந்த ஒரு பழைய தையற்பொறி, பெரியதொரு வழக்கின் நடுவே வந்து நின்றது. ஓர் ஏழைத் தொழிலாளியின் வாழ்வும் தாழ்வும் அதனைப் பொறுத்தே அமைந்தன. அத்தொழிலாளியே எலியாஸ் ஹோவ்.

இளமை

எலியாஸ் ஹோவ் 1819-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் உழவர், சிறிய ஆலை ஒன்றும் வைத்திருந்தார். குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. ஆறு வயதிலேயே எலியாஸ் தம் உடன்பிறந்தாரோடு அமர்ந்து, பஞ்சினைக் கோதும் கருவிக்குரிய தோற்பட்டைகளில் கம்பிப் பற்களைப் பதிக்கும் வேலையைச் செய்தார். அவருக்குப் பிறவியிலேயே ஒரு கால் ஊனம். கடுமையான உழவுத் தொழில் அவர் உடலுக்கு ஒத்து வரவில்லை. ஆனால், தந்தையாரின் ஆலையில் சுழன்ற உருளைகளும் பற்சக்கரங்களும் அவர் உள்ளத்தை ஈர்த்தன.

பதினாறாம் வயதில் அவர் லோவல் நகருக்குச் சென்று, நெசவுப் பொறிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பயின்றார். 1837-ஆம் ஆண்டில் நாடெங்கும் வணிகம் நலிந்து ஆலைகள் மூடப்பட்டன. எலியாஸும் வேலை இழந்தார். பின்னர் அவர் பாஸ்டன் நகரில், நுண்ணிய அளவைக் கருவிகளைச் செய்தும் பழுது பார்த்தும் வந்த ஆரி டேவிஸ் என்பவரிடம் பணியில் அமர்ந்தார். துணியைத் தைக்கும் பொறியை எவனேனும் செய்து முடிப்பானாயின் அவன் பெருஞ்செல்வன் ஆவான் என்று அப்பட்டறையில் ஒரு நாள் பேச்சு நிகழ்ந்தது. பேசியவர்கள் அதனை அப்போதே மறந்திருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் மறக்கவில்லை.

வறுமையும் முயற்சியும்

1841-ஆம் ஆண்டில் எலியாஸ் எலிசபெத் என்னும் நங்கையை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். வாரத்திற்கு 9 டாலர் கூலி குடும்பத்திற்குப் போதவில்லை. எனவே, அவர் மனைவியார் அயலார் துணிகளை வாங்கித் தைத்துக் கொடுத்தார். அக்காலத்தில் ஓர் ஆடவன் சட்டையைக் கையால் தைத்து முடிக்க ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். பணியிலிருந்து களைத்து வந்த கணவர், மங்கிய விளக்கொளியில் மனைவியின் கை ஏறி இறங்குவதை நெடுநேரம் நோக்கியிருப்பார். அக்கையின் செயலைப் பொறி ஒன்று செய்யாதா என்னும் எண்ணம் அவரை விடாது பற்றியது.

தொடக்கத்தில் அவர் கையின் அசைவை அப்படியே பின்பற்றும் பொறியைச் செய்ய முயன்றார். இரு முனைகளும் கூராகவும் நடுவில் காது உடையதாகவும் ஓர் ஊசியை அமைத்தார். அம்முயற்சி பயன் தரவில்லை. 1844-ஆம் ஆண்டில் அவர் சிந்தனை வேறு வழியிற் சென்றது. கை தைப்பது போலவே பொறியும் தைக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லையே! ஊசியின் காதை அதன் கூர்முனைக்கு அருகிலேயே அமைத்தார். நூல் கோத்த அவ்வூசி துணியைத் துளைத்துச் சென்று திரும்புகையில், மறுபுறத்தில் நூல் ஒரு கண்ணியாக விரியும். தறியில் ஓடுவதைப் போன்ற சிறு நாடா ஒன்று, இரண்டாம் நூலை அக்கண்ணியினுள்ளே செலுத்தும். இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பிணித்து நிற்கும். நெசவாலையிற் பெற்ற பழக்கமே இங்கு அவருக்குக் கை கொடுத்தது.

எண்ணம் கனிந்தது, கையிற் பொருள் இல்லை. அந்நிலையில் ஜார்ஜ் ஃபிஷர் என்னும் நண்பர் முன்வந்தார். அவர் எலியாஸின் குடும்பத்தைத் தம் வீட்டில் வைத்துக் காத்து, கருவிகள் வாங்க 500 டாலரும் தந்தார். வரும் உரிமையிற் பாதி அவருக்கு என்பது உடன்பாடு. 1845-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பொறி தைத்தது. ஜூலைத் திங்களில் அப்பொறியைக் கொண்டே இருவருக்கும் கம்பளி உடைகள் தைக்கப்பட்டன.

ஊரார் நம்பவில்லை. எனவே, பாஸ்டனில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் எலியாஸ் பலரறிய ஒரு போட்டி நடத்தினார். கை விரைவு மிக்க ஐந்து பெண்களுக்கு ஆளுக்கு ஒரு தையல் தரப்பட்டது. எலியாஸ் ஒருவருக்கே ஐந்து தையல்கள் தரப்பட்டன. நிமிடத்திற்கு 250 தையல் இட்ட அவருடைய பொறியே முதலில் முடித்தது. எல்லாரும் வியந்தனர், ஆனால், எவரும் வாங்கவில்லை. பொறியின் விலையோ மிகுதி. அதனினும் மேலாக, தம் பிழைப்புப் போய்விடுமோ என்னும் அச்சம் தையற்காரர்களிடம் இருந்தது. பிரான்சு நாட்டில் 1830-ஆம் ஆண்டில் தையற்பொறிக்கு உரிமை பெற்ற திமோனியே என்பவரின் பொறிகளை, அந்நாட்டுத் தையற்காரர்கள் திரண்டு வந்து உடைத்தெறிந்ததும் இவ்வச்சத்தாலேயே ஆகும்.

அயல்நாட்டில் அல்லல்

1846-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் எலியாஸ் ஹோவ் அரசிடம் காப்புரிமை பெற்றார். அதுவும் வயிற்றை நிரப்பவில்லை. ஃபிஷரும் பொருள் இழந்து ஒதுங்கினார். எலியாஸின் தமையன் அமாசா, பொறி ஒன்றை இலண்டனுக்கு எடுத்துச் சென்று, கச்சு செய்து விற்கும் வில்லியம் தாமஸ் என்பவருக்கு 250 பவுனுக்கு விற்றார். பொறியின் ஆங்கில நாட்டு உரிமையும் தாமஸுக்கே சென்றது. கச்சுத் தைப்பதற்கு ஏற்பப் பொறியைத் திருத்த எலியாஸும் இலண்டன் சென்றார். திருத்தும் வேலை முடிந்ததும் இருவருக்கும் இடையே பிணக்கு எழுந்தது. எலியாஸ் வேலை இழந்தார். அயல்நாட்டில் பசியும் கடனும் சூழ்ந்தன. அவர் மனைவி மக்களை முன்னரே ஊருக்கு அனுப்பிவிட்டு, தம் பொறியையும் காப்புரிமைச் சீட்டையும் அடகு வைத்துத் தாமும் கப்பல் ஏறினார்.

1849-ஆம் ஆண்டில் நியூயார்க் துறையில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது இரண்டரை ஷில்லிங்கே. எலும்புருக்கி நோயால் மனைவியார் இறக்கும் நிலையில் இருக்கின்றார் என்னும் செய்தி அங்கே வந்தது. வண்டிச் சத்தத்திற்கும் காசின்றித் தவித்த அவருக்குத் தந்தையார் பணம் அனுப்பினார். எலியாஸ் விரைந்து சென்று மனைவியாரின் இறுதி நேரத்தில் அருகிருந்தார். இறுதிச் சடங்கிற்கு உடுத்தத் தக்க உடையும் அவரிடம் இல்லை. மைத்துனரிடம் இரவல் பெற்றே உடுத்தார். ஆடை தைக்கும் பொறியை உலகிற்கு ஈந்தவர், மனைவியை அடக்கம் செய்யும் நாளில் இரவல் ஆடையில் நின்றார்!

பரண்மேற் பொறி

எலியாஸ் ஊரில் இல்லாத நாட்களில் தையற்பொறிக்கு நற்காலம் பிறந்திருந்தது. பலர் அவர் கண்ட ஊசியையும் நாடாவையும் கொண்டே பொறிகள் செய்து விற்றனர். அவருள் தலையாயவர் ஐசக் சிங்கர். அவர் 1851-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற பொறி, எலியாஸின் பொறியினும் பல வகையிற் சிறந்தது. ஊசி செங்குத்தாக ஏறி இறங்கியது; துணி மேசைமேற் படுத்துச் சென்றது; காலால் மிதித்து ஓட்டலாம். அதனை அனுப்பி வைக்கும் மரப்பெட்டியே, திறந்து நிறுத்தியபின் பொறிக்கு மேசையாகவும் அமைந்தது. பின்னாளில் வந்த அழகிய மேசைகளுக்கும் அலமாரிகளுக்கும் அப்பெட்டியே முன்னோடி எனலாம்.

எலியாஸ் தம் உரிமையை நிலைநாட்டத் துணிந்தார். அடகிலிருந்த பொறியையும் சீட்டையும் இலண்டனிலிருந்து மீட்டு வரச் செய்து, வழக்குத் தொடுத்தார். அவருக்கும் முன்பே ஒருவர் அதே பொறியைச் செய்திருந்தால் அவர் உரிமை வீழ்ந்துவிடும். ஆதலின், எதிர்த்தரப்பினர் பழைய பொறி ஒன்றைத் தேடினர், கண்டும்பிடித்தனர். வால்டர் ஹண்ட் என்னும் அறிஞர் 1834-ஆம் ஆண்டளவில் முனையிற் காதுடைய ஊசியும் நாடாவும் கொண்ட பொறியைச் செய்திருந்தார். அப்பொறியால் தையற் பெண்கள் பிழைப்பு இழப்பர் என்று அவர் மகள் அஞ்சியதால், அவர் அதற்கு உரிமை கேளாமல் விட்டுவிட்டார். நியூயார்க்கில் ஒரு பரணில், துருவேறிச் சிதைந்த துண்டுகளாக அது கிடைத்தது. எதிர்த்தரப்பினர் அதனைச் செப்பனிட்டு, எலியாஸுக்கு எதிராக முன்வைத்தனர்.

பல்லாண்டுத் துன்பமும் பயனின்றிப் போகுமோ என்னும் நிலை வந்தது. 1854-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஹண்ட் முன்னரே கண்டவர் என்பது மெய்யே. எனினும், கண்டதை உலகிற்குப் பயன்படுத்தாமல் பல்லாண்டு கைவிட்டமையால் அவருக்கு உரிமை இல்லை. எலியாஸின் உரிமையே நிற்கும் என்று முடிவு கூறப்பட்டது. சிங்கர் எலியாஸுக்கு 15,000 டாலர் செலுத்தினார்.

செல்வமும் பண்பும்

1856-ஆம் ஆண்டில் எலியாஸும் சிங்கர் முதலிய பொறி செய்வோரும் பகைமை நீங்கித் தம் உரிமைகளை ஒன்றாக இணைத்துக்கொண்டனர். அதன்படி, அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பொறிக்கும் எலியாஸுக்கு 5 டாலர் கிடைத்தது. இரவல் ஆடையில் நின்றவர் பெருஞ்செல்வரானார்.

செல்வம் அவர் இயல்பை மாற்றவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1862-ஆம் ஆண்டில் அவர் கனெக்டிகட் மாநிலத்தின் 17-ஆம் படைப்பிரிவில் எளிய போர்வீரராகவே சேர்ந்தார். கால் ஊனமாதலின் வீரர்களுக்குக் கடிதம் கொண்டு சேர்க்கும் பணியை மேற்கொண்டார். வீரர்களுக்கு ஊதியம் வாராது காலம் தாழ்த்தபோது, தம் கைப்பொருளைத் தந்து அவர்தம் துன்பம் தீர்த்தார். 1867-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரக் கண்காட்சியில் அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய காப்புரிமைக் காலம் முடிவுற்றது. அக்டோபர் 3-ஆம் நாள் அவர் வாழ்வும் முடிவுற்றது. அப்போது அவருக்கு வயது 48.

எலியாஸ் 1845-ஆம் ஆண்டில் செய்த பொறியும், இலண்டன் சென்றபோது அதனை வைத்து எடுத்துச் சென்ற பெட்டியும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் போற்றி வைக்கப்பட்டுள்ளன. வால்டர் ஹண்ட் அறிவால் குறைந்தவர் அல்லர்; பெண்களின் பிழைப்புக்கு இரங்கிய அவர் உள்ளமும் பழித்தற்கு உரியதன்று. சிங்கரின் திறமையும் சிறிதன்று. ஆயினும், பசியிலும் பிரிவிலும் எடுத்த வினையைக் கைவிடாமல் இறுதிவரை பற்றி நின்றவர் எலியாஸ் ஹோவ் ஒருவரே. நல்ல எண்ணம் பலர்க்குத் தோன்றும். அதனைப் பரண்மேற் போடாமல் பயன்படச் செய்பவரையே உலகம் போற்றும்.