கறுப்புத் திரையின் நாயகன் டென்னிஸ் ரிச்சி



இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம், நான் செய்த ஒரு தப்பு. போன மாதம் லேப்பில் கடைசி வரிசையில் இருக்கும் உபுண்டு கம்ப்யூட்டரில், என் பென்டிரைவில் இருந்த சினிமாப் படங்களை எல்லாம் யாருக்கும் தெரியாமல் காப்பி பண்ணி வைத்தேன். மறுநாள் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, அறிவியல் கண்காட்சிக்காக கோமுகி அணையைப் பற்றி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து டைப் செய்தாள். சேமிக்கப் போனால் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அப்படியே நின்று போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் கட்டுரையைக் காணோம். அவள் அழுதே விட்டாள். கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு, ஓரங்கட்டிவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் மிஸ் வந்தார். எதையும் கழற்றவில்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து இரண்டே எழுத்து அடித்தார். டி.எஃப்! உடனே ஒரு பட்டியல் வந்தது. வட்டில் மொத்த இடம் எவ்வளவு, நிரம்பியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் இருந்தது. 100 சதவீதம் நிரம்பியிருந்தது. அடுத்து டி.யூ. என்று அடித்தார். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டியது. என் பேர் போட்ட ஃபோல்டருக்கு எதிரேதான் பெரிய எண்! என் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமா?

மிஸ் திட்டவில்லை. படங்களை அழிக்கச் சொன்னார். பிறகு, இந்தக் கட்டளைகள் எங்கே பிறந்தன என்று படித்துச் சுவர் பத்திரிகையில் எழுதச் சொன்னார். தேடிப் படித்தபோது கிடைத்தவர்தான் டென்னிஸ் ரிச்சி.

இவர் 1941 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிச்சி, பெல் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. மகன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1963இல் பட்டம் பெற்றார். அப்புறம் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தார். 1968இல் ஆய்வேடும் எழுதி முடித்தார். ஆனால் அதை பைண்ட் செய்து நூலகத்துக்குக் கொடுக்கவேண்டிய பிரதியைக் கொடுக்காததால் கடைசிவரை டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. நாம ரெக்கார்டு நோட்டை நேரத்துக்கு வைக்காத மாதிரிதான்!

1967இல் அப்பா வேலை பார்த்த அதே பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் கென் தாம்சன். தாம்சன் விண்வெளியில் பறக்கும் ஒரு விளையாட்டு எழுதியிருந்தார். ஆனால் அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டரில் அதை ஒரு தடவை ஆட ஆகும் செலவு 75 டாலர்! கம்ப்யூட்டர் நேரத்துக்கு அன்று அவ்வளவு விலை. எனவே 1969இல் யாரும் அதிகம் தொடாமல் மூலையில் கிடந்த பி.டி.பி-7 என்ற சின்ன எந்திரத்தைப் பிடித்தார்கள். இருவரும் சேர்ந்து விளையாட்டை அதற்கு ஏற்ற மாதிரி திருப்பி எழுதினார்கள். அதே எந்திரத்தில்தான் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையும் பிறந்தது.

அடுத்து பி.டி.பி-11 வந்தது. அதன் மொத்த மெமரி 24 கிலோபைட். அதில் 16 யூனிக்ஸுக்குப் போக மிச்சம் 8 தான் மற்றவர்களுக்கு. வட்டோ 512 கிலோபைட். இன்று 4 ஜி.பி. மெமரி உள்ள சாதாரண போன் ஒன்று அந்த எந்திரத்தைப் போல 1,74,000 மடங்குக்கும் மேல் மெமரி வைத்திருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1971இல் அந்தக் குட்டி எந்திரத்தில் காப்புரிமைப் பிரிவின் டைப்பிஸ்டுகள் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பக்கத்திலேயே ரிச்சியும் தாம்சனும் புது புரோகிராம்களைச் சோதித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் மெமரியில் இன்னொருவர் புகாமல் தடுக்கும் வசதி அந்த எந்திரத்தில் கிடையாது. இவர்கள் புரோகிராமில் ஒரு தப்பு வந்தால் மொத்த எந்திரமும் நின்றுவிடும், டைப்பிஸ்டுகளின் உழைப்பும் போய்விடும். வட்டும் சின்னது. அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடித்ததை எல்லாம் காந்த நாடாவுக்கு மாற்றவேண்டி இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அழுத அந்தத் தங்கை முகம்தான் ஞாபகம் வந்தது.

1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் தாம்சன், ரிச்சி இருவர் பேரும் இருக்கின்றன. டி.எஃப்., டி.யூ. இரண்டும் அதிலேயே உள்ளன! அவர்கள் டைப் செய்தது டெலிடைப் எந்திரத்தில். அது விநாடிக்கு 10 எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும். கட்டளைகளின் பேர் இவ்வளவு சின்னதாக இருப்பது அதனால்தான். ஓடுகிற வேலைகளைப் பட்டியல் போடும் பி.எஸ். அதற்குப் பிறகு வந்தது. எந்த வேலை பிராசசரையும் மெமரியையும் தின்கிறது என்று சில விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும் டாப், 1984இல் வேறொருவர் எழுதியது.

ரிச்சியின் இன்னொரு பெரிய சாதனை சி மொழி. 1973இல் யூனிக்ஸையே சி மொழியில் மாற்றி எழுதினார்கள். அதனால் அதை வேறு வேறு கம்ப்யூட்டர்களுக்கும் கொண்டுபோக முடிந்தது. நாம் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் சி++ அதன் வாரிசு. 1991இல் வந்த லினக்ஸ், யூனிக்ஸ் வழியைப் பின்பற்றியது. நம்ம உபுண்டுவும் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 1983இல் ரிச்சிக்கும் தாம்சனுக்கும் டூரிங் விருது கிடைத்தது.

2011 அக்டோபர் 12 அன்று நியூஜெர்சியில் தனியாக வாழ்ந்த வீட்டில் ரிச்சி இறந்து கிடந்தார். வயது 70. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். அவரைப் பற்றி உலகமே பேசியது. ரிச்சியைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஜாப்ஸின் கம்ப்யூட்டரும் போனும் ஓடுவதும் யூனிக்ஸ் வழி வந்த மென்பொருளில்தான் என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

நண்பர்களே, நம்ம கோமுகி அணையில் 46 அடிக்குத் தண்ணீர் நிற்கும். எத்தனை அடி இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் மதகைத் திறப்பதில்லை. ஏனென்றால் அந்தத் தண்ணீர் ஒருத்தர் வயலுக்கு மட்டும் சொந்தமில்லை. லேப் கம்ப்யூட்டரும் அப்படித்தான். கொஞ்சமாக இருந்ததைப் பலருக்கும் பகிர்ந்து கொடுத்தார் ரிச்சி. நிறைய இருந்தும் நான் ஒருத்தனே அடைத்துக்கொண்டேன்.

அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, கட்டுரை முழுவதையும் நானே மறுபடி டைப் செய்து கொடுத்தேன். ஆரம்பிக்கும் முன் டி.எஃப். அடித்துப் பார்த்தோம். 61 சதவீதம். அப்புறம்தான் முதல் வரி.



— பதினொன்றாம் வகுப்பு மாணவன், வடக்கனந்தல்