வெயிலில் புத்தகம் அச்சிட்ட அம்மையார்

காமிரா இல்லை, அச்சு இயந்திரமும் இல்லை. வெயில், தண்ணீர், இரண்டு ரசாயன உப்புகள் இவற்றைக் கொண்டே உலகின் முதல் புகைப்பட நூலை உருவாக்கினார் ஒரு பெண்மணி. அவர்தான் அன்னா அட்கின்ஸ்.

1799-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி இங்கிலாந்தில், கென்ட் பகுதியைச் சேர்ந்த டன்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன், பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய விஞ்ஞானி. பெண்களுக்கு விஞ்ஞானக் கல்வி எட்டாக்கனியாக இருந்த அந்தக் காலத்தில், மகளுக்கு அவரே ஆசானாக விளங்கினார். சிப்பிகளைப் பற்றி லாமார்க் எழுதிய நூலைத் தந்தை மொழிபெயர்த்தபோது, 200-க்கு மேற்பட்ட படங்களை மகள் வரைந்து கொடுத்தார். 1825-ல் ஜான் பெல்லி அட்கின்சை மணந்தார்.

நீல அச்சு

1842-ல் குடும்ப நண்பரான சர் ஜான் ஹெர்ஷல் "சயனோடைப்" முறையைக் கண்டுபிடித்தார். இரும்பு சேர்ந்த இரண்டு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மீது ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலச வேண்டும். ஒளி பட்ட இடம் நீலமாகும். மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். பிற்காலத்தில் ரெயில்வே வரைபட அறைகளில் பாலங்களுக்கும் என்ஜின்களுக்கும் "புளூபிரிண்ட்" எடுத்ததும் இதே முறையில்தான்.

பிரிட்டனின் கடற்பாசிகள் பற்றி ஹார்வி என்பவர் 1841-ல் வெளியிட்ட நூலில் படங்கள் இல்லை. அந்தக் குறையை நீக்க அன்னா முன்வந்தார். தலைமுடி போன்ற பாசிகளைக் கையால் வரைவது கடினம். எனவே பாசியையே தாளில் பரப்பி அச்செடுத்தார். எழுத்துக்களும் அவர் கையெழுத்தே. அவையும் வெயிலில் பதிந்தவையே.

முதல் பகுதி 1843 அக்டோபரில் வெளிவந்தது. வெயில் அரிதான நாட்டில் 10 ஆண்டுகள் உழைத்து, சுமார் 400 படங்களை முடித்தார். எத்தனை பிரதிகளோ அத்தனை முறை ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே எடுக்க வேண்டும்! அந்தப் பிரதிகளை நண்பர்களுக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் வழங்கினார்.

மறைந்த பெயர்

1852-ல் தந்தை காலமானார். துயரில் இருந்தவருக்குத் துணையாக வந்த தோழி ஆன் டிக்சனுடன் சேர்ந்து பெரணிச் செடிகளையும் அச்சிட்டார். 1871 ஜூன் 9-ந் தேதி மறைந்தார்.

நூலில் அவர் இட்டிருந்தது "ஏ.ஏ." என்ற இரண்டு எழுத்துக்கள் மட்டுமே. பெயர் அறியாத யாரோ ஒரு அமெச்சூர் என்று பின்னர் அதற்குப் பொருள் கூறியவரும் உண்டு. ஆராய்ச்சியாளர் லாரி ஷாஃப் 1985-ல் வெளியிட்ட நூலே அவரது வரலாற்றைப் பலரும் அறியச் செய்தது.

இன்று பலர் இதே கரைசலைப் பருத்தித் துணியில் தோய்த்து, இலைகளைப் பதித்து, துணிப் பக்கங்களைத் தைத்துப் புத்தகம் ஆக்குகிறார்கள். சோப்பு பட்டால் நீலம் வெளுக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் போதும். காலணாப் புகழையும் நாடாத ஓர் அம்மையார் காட்டிய வழி அது.