தந்தை வரைந்தார், மகன் கட்டினார்

கவிஞர்களும் சுவைஞர்களும் கூடிப் பத்தாண்டுகள் வளர்த்த ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில், இரும்போடும் கல்லோடும் வாழ்நாளைக் கழித்த ஒரு பொறியாளருக்கு என்ன இடம் என அன்பர்கள் வினவக்கூடும். தந்தை மகனுக்கு ஆற்ற வேண்டியதையும் மகன் தந்தைக்கு ஆற்ற வேண்டியதையும் மக்கட்பேறு என்னும் ஒரே அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. அவ்விரு கடன்களுள் ஒன்று குறையாகவும் மற்றொன்று நிறைவாகவும் அமைந்த வாழ்க்கை வாசிங்டன் ரோப்ளிங்கினுடையது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்தவர் அவர். அப்பாலம் பின்னாளில் ஒரு கவிஞனின் பெருங்கவிதைக்குப் பொருளாயிற்று என்பதும் இங்கு அவரைப் பற்றி எழுத ஒரு காரணம்.

அவருடைய தந்தை ஜான் ரோப்ளிங் 1806ஆம் ஆண்டு செருமானிய நாட்டின் மியூல்ஹவுசன் என்னும் ஊரில் பிறந்தவர். பெர்லினில் கட்டடக் கலை பயின்றவர். 1831இல் தமையனோடும் ஊராரோடும் கடல் கடந்து அமெரிக்கா சென்று, பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்சன்பர்க் என்னும் குடியிருப்பை அமைத்தார். உழவுத் தொழிலில் அவர் மனம் ஊன்றவில்லை. அக்காலத்தில் கால்வாய்ப் படகுகளை மலைச்சரிவில் இழுத்தேற்றச் சணற்கயிறுகளைப் பயன்படுத்தினர். அவை விரைவில் தேய்ந்து அறுந்தன. 1841இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறு திரிக்கும் தொழிலைத் தம் வீட்டுப் புல்வெளியிலேயே தொடங்கினார். அக்கயிறே அவருக்குச் செல்வமும் புகழும் தந்தது. நயாகரா ஆற்றின் மேல் தொடர்வண்டி செல்லும் தொங்குபாலத்தை 1855இல் அமைத்தபோது அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது.

ஊர் போற்றிய அப்பெரியவர் வீட்டில் வேறு மனிதராய் இருந்தார். 1837ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் சாக்சன்பர்க்கில் பிறந்த மூத்த மகன் வாசிங்டன், முதுமையில் தம் தந்தையின் வரலாற்றை எழுதி வைத்தார். அக்கையெழுத்துப் படி 2009ஆம் ஆண்டுதான் நூலாக அச்சேறியது. மனைவியையும் மக்களையும் தந்தை இரக்கமின்றி அடித்தார் என்பதையும், அவர் வெளியூர் சென்ற நாள்களில்தான் வீடு மூச்சு விட்டது என்பதையும் மகன் அதில் மறைக்காமல் எழுதியுள்ளார். அதே ஏட்டில் தந்தையின் அறிவாற்றலையும் அயரா உழைப்பையும் வியந்து போற்றியும் இருக்கிறார். வெறுப்பும் வியப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே நெஞ்சில் எண்பத்தொன்பது ஆண்டுகள் குடியிருந்தன.

மகனின் கல்வியைத் தந்தையே முடிவு செய்தார். டிராய் நகரின் ரென்சிலர் பொறியியற் கல்லூரியில் பயின்று 1857இல் பட்டம் பெற்றார் வாசிங்டன். அக்கல்வியின் கடுமை பலரை ஓடச் செய்தது. பட்டம் பெற்றவுடன் பிட்ஸ்பர்க்கில் தந்தை கட்டிய பாலத்தில் உதவியாளரானார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது எளிய படைவீரராகச் சேர்ந்தார். படைகள் ஆறு கடக்கத் தொங்குபாலங்கள் அமைத்தார். 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நின்றார். தளபதி வாரனின் துணை அலுவலராய்ப் பணியாற்றிய காலத்தில், 1864இல் படையினர் நடத்திய நடன விருந்தொன்றில் அத்தளபதியின் தங்கை எமிலியைக் கண்டார். 1865 சனவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அந்நாளில் எமிலி பொறியியல் ஏதும் அறியாதவர்.

போருக்குப் பின் மீண்டும் தந்தையின் அழைப்பு வந்தது. ஒகையோ ஆற்றின் மேல் சின்சினாட்டிப் பாலத்தை இருவரும் சேர்ந்து முடித்தனர். அடுத்து நியூயார்க்கையும் புரூக்ளினையும் பிரித்து ஓடும் ஈஸ்ட் ஆற்றைக் கடக்கும் பெருந்திட்டம். ஆற்றின் ஆழத்தில் அடித்தளம் போடும் முறையைக் கற்று வருமாறு தந்தை 1867இல் மகனையும் மருமகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அப்பயணத்தில், தந்தை பிறந்த மியூல்ஹவுசன் நகரிலேயே அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்குப் பாட்டனின் பெயரையே இட்டனர்.

1869 சூன் மாத இறுதியில், பாலத்தின் கோட்டைக் குறிக்கப் படகுத்துறையில் நின்ற ஜான் ரோப்ளிங்கின் கால், கரையை மோதிய படகுக்கும் மரக்கட்டைகளுக்கும் இடையே நசுங்கியது. மருத்துவரை நம்பாத அவர், புண்ணின் மேல் ஓயாமல் நீர் வார்ப்பதே மருந்து என்று பிடிவாதம் பிடித்தார். தாடை பூட்டும் வில்வாத நோய் கண்டு சூலை 22ஆம் நாள் உயிர் துறந்தார். பாலத்தில் ஒரு கல்லும் அப்போது வைக்கப்படவில்லை. தலைமைப் பொறியாளர் பொறுப்பு முப்பத்திரண்டு வயது மகனின் தோளில் விழுந்தது. தந்தை விட்டுச் சென்றவை வரைபடங்களும் பொது அளவைகளுமே. ஆற்றடியில் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை மகனே காண வேண்டியிருந்தது.

அவ்வேலையின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். கெய்சன் என்பது அடிப்புறம் திறந்த மாபெரும் மரப்பெட்டி. புரூக்ளின் கரைக்குரிய பெட்டி 168 அடி நீளமும் 102 அடி அகலமும் உடையது. அதனை ஆற்றில் கவிழ்த்து அமிழ்த்தி, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றுவர். தொழிலாளர் உள்ளே இறங்கி மண்ணைத் தோண்டத் தோண்ட, மேலே கற்கோபுரம் எழும். அதன் பாரத்தால் பெட்டி மேலும் கீழிறங்கும். ஆழம் மிக மிகக் காற்றழுத்தமும் மிகும். அவ்வழுத்தத்தில் குருதியில் கரைந்த நைட்ரசன், ஒருவர் விரைந்து மேலேறும்போது குமிழிகளாகப் பிரிந்து நரம்புகளையும் மூட்டுகளையும் தாக்கும். இக்காரணம் அன்று தெளிவாகத் தெரியாது. தொழிலாளர் மூட்டு மடங்கி வலியால் துடித்தனர், சிலர் மாண்டனர்.

ரோப்ளிங் கரையில் நின்று ஆணையிட்டவர் அல்லர். நாள்தோறும் உள்ளே இறங்கினார். 1870 திசம்பரில் பெட்டியின் மரக்கூரைக்குள் தீப்பற்றியபோது இரவு முழுதும் உள்ளே நின்று போராடி, செயலற்ற நிலையில் தூக்கி வரப்பட்டார். கூரையின் உள்ளே நெருப்புக் கனன்றுகொண்டிருப்பதை அறிந்ததும் பெட்டியையே நீரால் நிரப்பச் செய்தார்.

நியூயார்க் கரையில் 1872ஆம் ஆண்டு 78 அடி ஆழம் தாண்டியும் பாறை முழுமையாகத் தென்படவில்லை. அடுத்தடுத்து உயிர்கள் பறிபோயின. பாறை வரை தோண்டினால் இன்னும் பலர் சாவர். கெட்டிப்பட்ட மணலும் சரளையும் கோபுரத்தைத் தாங்கும் எனக் கணித்து, அங்கேயே நிறுத்த ஆணையிட்டார். அந்தக் கோபுரம் இன்றும் அம்மணலின் மேல்தான் நிற்கிறது. பாறையைத் தேடாமல் மனிதரை எண்ணிய அம்முடிவே அவர் வாழ்வில் மிகப் பெரியது என்பது என் கருத்து.

அதே ஆண்டு அவரையும் அந்நோய் வீழ்த்தியது. நரம்புகள் தளர்ந்தன, கண்ணொளி மங்கியது, பிறர் பேச்சொலியும் பொறுக்க இயலாதவரானார். இனி உயிர் தங்காது என அஞ்சிய அவர், எஞ்சிய வேலை ஒவ்வொன்றும் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை அக்குளிர்காலத்தில் பக்கம் பக்கமாக எழுதலானார். கணவர் சொல்லச் சொல்ல எழுதிய எமிலி, எழுதியதன் பொருளை அறியக் கணிதமும், பொருள்களின் வலிமையும், தொங்கு வடத்தின் வளைவிலக்கணமும் கற்றார். நாள்தோறும் பணியிடம் சென்றார். பொறியாளரின் ஐயங்களைக் கணவரிடம் கொணர்ந்தார். அவருடைய விடைகளைத் திரும்பச் சேர்ப்பித்தார். தலைமைப் பொறியாளர் அவரே என்று எண்ணியோரும் உண்டு. கணவர் புரூக்ளின் மேட்டில் ஆற்றை நோக்கிய வீட்டுச் சாளரத்தின் வழியே தொலைநோக்காடியால் பாலம் வளர்வதைக் கண்டிருந்தார்.

1878இல் இன்னொரு சோதனை. பாலத்துக்குக் கம்பி வழங்கும் ஒப்பந்தம் லாய்ட் ஹேக் என்பவருக்குச் சென்றிருந்தது. தேர்வில் வென்ற நல்ல கம்பி, வழியிலேயே கழிவுக் கம்பியாக மாற்றப்பட்டுப் பாலத்தை அடைந்தது. வஞ்சகம் வெளிப்பட்டபோது பெரும்பகுதி வடத்தில் ஏறிவிட்டது, எடுக்க வழியில்லை. தாங்க வேண்டிய சுமையைப் போல் ஆறு மடங்கு வலிமை வேண்டும் எனத் தந்தை கணக்கிட்டிருந்தார். கெட்ட கம்பியோடும் ஐந்து மடங்கு எஞ்சும் எனக் கணித்த மகன், ஒவ்வொரு வடத்திலும் ஏறக்குறைய 150 நல்ல கம்பிகளை அந்த ஒப்பந்தக்காரர் செலவிலேயே கூடுதலாகச் சேர்க்கச் செய்தார். கொடியவராய் வாழ்ந்த தந்தையின் மிகை எச்சரிக்கை, அவர் இறந்து ஒன்பதாண்டுகள் கழித்து மகனைக் காத்தது.

1882இல் நோயாளியை நீக்க வேண்டும் என்ற முயற்சி எழுந்தது. பாலத்தின் அறங்காவலர் பத்துப்பேர் அவர் பக்கமும் ஏழுபேர் எதிராகவும் வாக்களிக்க, பதவி நிலைத்தது. 1883 மே 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. நடுத்தாவு 1595 அடி. அன்று உலகின் மிக நீண்ட தொங்குபாலம் அதுவே. திறப்புக்குச் சில நாள் முன் வெற்றியின் அடையாளமாகச் சேவல் ஒன்றைக் கையிலேந்தி வண்டியில் முதன்முதலாகப் பாலத்தைக் கடந்தவர் எமிலி. விழாவுக்குச் செல்ல இயலாத ரோப்ளிங்கை, குடியரசுத் தலைவர் ஆர்தர் வீடு தேடிச் சென்று வாழ்த்தினார்.

பின்னாளில் எமிலி சட்டமும் பயின்று 1899இல் சான்றிதழ் பெற்றார், 1903இல் மறைந்தார். நோயாளி என்று கைவிடப்பட்ட கணவரோ மேலும் இருபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். தம்பியரும் தம்பி மக்களும் ஒருவர் பின் ஒருவராக மறைய, 1921இல் எண்பத்துநான்கு வயதில் குடும்பத்தின் கம்பிக் கயிற்றுத் தொழிலகத்தின் தலைமையை ஏற்றார். ஒரு வருத்தம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை. பலரும் அவரையும் அவர் தந்தையையும் ஒருவராகவே எண்ணினர். பாலத்தைக் கட்டியவர் எனத் தந்தையைப் புகழ்ந்தனர். 1908இல் டிரென்டன் நகரில் சிலை எழுந்ததும் தந்தைக்கே. 1926 சூலை 21ஆம் நாள் அவர் காலமானார்.

அதற்கு இரண்டாண்டு முன், 1924இல், ஹார்ட் கிரேன் என்னும் இளங்கவிஞர் புரூக்ளின் மேட்டில் ஒரு வீட்டில் குடியேறினார். தம் சாளரத்தில் தெரிந்த பாலத்தையே பொருளாக்கிப் பாலம் என்னும் நெடுங்கவிதையை இயற்றி 1930இல் வெளியிட்டார். ரோப்ளிங் நோயுற்றுக் கிடந்து பாலத்தை நோக்கியிருந்தது அதே வீட்டில்தான் என்பதை அவர் பின்னரே அறிந்தார்.

எமிலியின் பெயர் பொறித்த தகடு 1951இல் பாலத்தில் பதிக்கப்பட்டது. தந்தை வரைந்த கோட்டை மகன் கல்லாக்கினார். மகனின் சொல்லை மருமகள் செயலாக்கினார். அன்பு குன்றிய வீட்டில் வளர்ந்தவர் ஆழத்துத் தொழிலாளரின் உயிரை எண்ணினார். ஊர் பெயரைத் தவறாகச் சொன்னபோதும் தந்தைக்குரிய கடனை அவர் குறையின்றித் தீர்த்தார். எழுதியவன் பெயர் மறந்தும் பாட்டு நிலைப்பதை அறிந்த கவிஞர்களுக்கு இவ்வாழ்வின் பொருளை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.